சோப்பு டப்பாவுக்குள் ஒரு பாலம்: பட்டன் போன்களை இணையக் கூட்டத்தில் சேர்த்த கதை

2020 ஆகஸ்ட் 9, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி இருக்கும். சென்னையில் மகன் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்த எங்கள் இலக்கியக் கூட்டத்து உறுப்பினர் ஒருவர் ஜூம் வழியாகத் தம் சிறுகதையை வாசித்துக்கொண்டிருந்தார். கழுகுமலையில் தம் வீட்டுத் திண்ணையில் பட்டன் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்த தமிழய்யா, கதையில் கிணற்றடிக்கு ஆள் வந்து நின்ற இடத்தில் "ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்து சென்னை, திருப்பூர், விளாத்திகுளம் எல்லா இடத்துக்கும் கேட்டது. அதைக் கேட்க வைப்பதற்கு எனக்கு ஐந்து மாதமும், மூன்று தவறான இணைப்பும், 130 ரூபாய்ச் சாமானும் தேவைப்பட்டன. இதேபோன்ற சிறு கூட்டம் நடத்துகிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கோவில்பட்டியில் நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஓர் ஓட்டு மாடி உண்டு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறுதோறும் அங்கே பதினேழு பேர் கூடி, எழுதியதை வாசித்து, ஒருவரையொருவர் தயவில்லாமல் திருத்திக்கொள்வது பல ஆண்டுப் பழக்கம். உறுப்பினர்களில் தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதும் அக்கா ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூவர், சம்சாரிகள் (விவசாயிகள்) நால்வர், பேருந்து நடத்துநர் ஒருவர் உண்டு. கடைசியாக நேரில் கூடியது 2020 மார்ச் 8. மார்ச் 24 மாலையிலிருந்து மாநிலத்தில் 144 தடை உத்தரவும், மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் வந்தபோது, 21 நாள்தானே, ஏப்ரல் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றுதான் கணக்குப் போட்டோம்.

ஏப்ரல் 12 அன்று செய்த முதல் முயற்சியைக் கூட்டம் என்று சொல்வதற்கில்லை. வாட்ஸ்அப் குழு அழைப்பில் அப்போது நான்கு பேர்தான் சேர முடியும் என்பதால், வாட்ஸ்அப் வைத்திருந்த பன்னிரண்டு பேரை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒரே கவிதையை நான்கு முறை வாசிக்கச் சொன்னோம். மூன்றாவது முறை வாசிக்கும்போது கவிஞருக்கே தம் கவிதையின் மீது சலிப்பு வந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் வாட்ஸ்அப் வரம்பு எட்டாக உயர்ந்தது. அப்படியும் எங்களுக்குப் பாதிக் கூட்டம்தான். அதே ஏப்ரல் 30 அன்று கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தது. மாதாமாதம் தேநீரோடு அதைத் தின்று பழகிய கூட்டம் அந்தச் செய்தியைக் குழுவில் பகிர்ந்து ஏக்கப்பட்டதுதான் ஏப்ரலில் நடந்த ஒரே உருப்படியான இலக்கிய நிகழ்வு.

மே 10 கூட்டத்தை ஜூமில் வைத்தோம். ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் அந்தச் செயலி குறித்துப் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டிருந்ததால், அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நடத்துநர் அண்ணாச்சி கேட்டார். நாங்கள் பேசப் போவதில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டதும் சிரிப்பில் அந்த விவாதம் முடிந்தது. இருந்தாலும் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் நான் அணைக்கவேயில்லை. அந்தக் கூட்டத்தில் நான் செய்த பெரிய பிழை, மாடியில் கூடியதை அப்படியே திரையில் கொண்டுவர நினைத்ததுதான். எல்லோரும் காட்சியைப் போட்டு முகம் காட்ட வேண்டும் என்று நானே வற்புறுத்தினேன். என் கைபேசியின் டேட்டாக் கணக்கைப் பார்த்தபோது 40 நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 எம்.பி. போயிருந்தது. நாளுக்கு ஒன்றரை ஜி.பி. திட்டத்தில், பகலெல்லாம் பிள்ளைகள் இணைய வகுப்புக்கும் படத்துக்கும் செலவழித்த பிறகு மாலையில் மிச்சம் கிடக்கும் டேட்டாவில் இது கட்டுப்படியாகாது. பசுவந்தனைப் பக்கத்திலிருந்து சேர்ந்த உறுப்பினரின் கதை முதல் பத்தியும் கடைசிப் பத்தியுமாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே இருவர் அதற்கு விமர்சனமும் சொன்னார்கள்.

ஜூன் 14 கூட்டத்தில் காட்சியை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தோம். அதே 40 நிமிடத்துக்கு 25 எம்.பி.க்குள் முடிந்தது, அறுபடுவதும் வெகுவாகக் குறைந்தது. அப்போது கட்டணம் இல்லாத கணக்கில் மூவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்தால் 40 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும் என்பதைக் குறையாக எண்ணாமல், அந்த அளவுக்கு ஏற்பக் கூட்டத்தைத் தைத்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் ஆயிரம் சொல் கொண்ட கதையை வாசிக்கச் சராசரியாகப் பத்து நிமிடம் எடுப்பதை அலாரக் கடிகாரம் வைத்து அளந்தேன். கையெழுத்தில் ஒரு முழுத்தாளில் 180 சொல் வரும். அதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கதைக்குப் பத்து, பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று இருபத்துநான்கு, சேர்வதற்கும் சத்தம் சரிபார்ப்பதற்கும் ஆறு என மொத்தம் நாற்பது. அழைப்பு தானே அறுந்ததும் பத்து நிமிடம் தேநீர் இடைவேளை, பிறகு அதே போல இரண்டாம் அமர்வு. நேரில் கூடியபோது ஒருவரே இருபது நிமிடம் பேசி மற்றவர் வாயை அடைக்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. அது இந்தக் கணக்கில் தானாகவே ஒழிந்தது.

கேட்பது பாதி சரியானதும் படிப்பதற்கான வேலை வந்தது. குரல் மட்டும் என்றால், படியை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். அறுந்த இடத்தைக் கண்ணால் நிரப்பிக்கொள்ளலாம். பதினேழு பேரில் ஒன்பது பேர் கையால்தான் எழுதுகிறார்கள். அவர்கள் நோட்டுப் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்து, கேம்ஸ்கேனர் செயலியில் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதற்கு ஜூன் முழுவதும் தொலைபேசியில் பாடம் நடத்தினேன். அக்கா ஒருவர்தான் முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டார்; மற்றவர்களுக்கு நிழல் விழாமல் பக்கத்தை எப்படி வைப்பது என்பதற்கே இரண்டு வாரம் ஆனது. எல்லோரும் தேறிய வேளையில், ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து அடோபி ஸ்கேனுக்கு எல்லோரையும் மாற்றினேன். இந்த முறை ஒரு செயலியின் பொத்தான்களைக் கற்பிக்காமல், சன்னலை ஒட்டித் தரையில் நோட்டை வைத்து, நேர் மேலே நின்று, காலை எட்டு மணி வெளிச்சத்தில் எடுங்கள் என்பதைக் கற்பித்தேன். அதற்குப் பிறகு எந்தச் செயலியானாலும் படம் தெளிவாக வந்தது.

மீதிப் பேரின் படிகள் கணினியில் அடிக்கப்பட்டவை; அவற்றில் பாதி என் கடையிலேயே பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. பாமினியில் "தமிழ்" என்று அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் கூளமாகத் தெரியும். இருபது ஆண்டாக அச்சுத் தொழிலில் இருந்தும், தாளில் அச்சாகிவிட்டால் போதும் என்றே பழகியிருந்ததால், இந்தக் குழப்பத்துக்கு நானும் ஒரு காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது. மாற்றி மென்பொருளில் போட்டு, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு ஆக்கினால் தொண்ணூறு விழுக்காடு சரியாக வரும். மீதிப் பத்தில்தான் கரிசல் கதை கெட்டுப்போகும். பழைய எழுத்துருக்களில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் இருப்பதால், கொம்புக்குப் பின் ஓர் எழுத்தும் அதற்குப் பின் "ள" வடிவமும் வந்தால், அது ஔகாரமா, அல்லது எகரத்துக்குப் பின் வரும் ளகரமா என்று மாற்றிக்குத் தெரிவதில்லை. வெள்ளாடு எல்லாம் "வௌ்ளாடு" ஆகிவிட்டன. வெளியே போனவர்கள் "வௌியே" போனார்கள். ஆட்டுக்கிடை பற்றிய ஒரே கதையில் இப்படி 41 இடம் இருந்தது. "வௌ்" என்று இருப்பதை "வெள்" என்றும், "வௌி" என்று இருப்பதை "வெளி" என்றும் தேடி மாற்றும் ஏழு வரிப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். இன்று வரையில் அந்தப் பட்டியலில் பதினொரு வரி சேர்ந்திருக்கிறது. புதிதாகக் கடைக்கு வரும் கதைகளை அடிக்கும்போது இப்போது யூனிகோடிலேயே அடிக்கிறேன். அச்சுக்கு வேண்டுமானால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் கூட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தோம். சத்தம் வரக்கூடாதென்று வாசிப்பவரைத் தவிர எல்லோருடைய மைக்கையும் நான் அணைத்துவிட்டேன். வாசித்து முடித்த நடத்துநர் அண்ணாச்சி, "தம்பி, யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். பத்து நிமிடமாகக் கிணற்றுக்குள் பேசுவது போலிருந்ததாம். எங்கள் பக்கத்தில் கதை சொல்கிறவருக்கு எதிரில் இருப்பவர் "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். மாடியில் அதைச் செய்துகொண்டிருந்தவர் தமிழய்யா. அவரிடம் இருந்ததோ பட்டன் போன். அவரையும் சேர்த்து ஐந்து பேர் ஏப்ரலிலிருந்து எந்தக் கூட்டத்திலும் இல்லை. கூட்டம் முடிந்த பிறகு நான் தொலைபேசியில் சுருக்கம் சொல்வேன், அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பன்னிரண்டு பேரோடு நடந்ததைப் பதினேழு பேர் கூட்டம் என்று பதிவேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பாலம் கட்ட வேண்டும் என்று தோன்றியது அங்கேதான்.

வழி என்னவோ எளியதாகத்தான் தெரிந்தது. சாதாரண கைபேசியில் மாநாட்டு அழைப்பு போட்டால், போடுகிறவரைத் தவிர ஐந்து பேரைச் சேர்க்கலாம். எங்களிடம் இருந்த பட்டன் போன்களும் நல்வாய்ப்பாகச் சரியாக ஐந்து. அந்த மாநாட்டு அழைப்பின் ஒலியை ஜூமுக்குள்ளும், ஜூமின் ஒலியை அந்த அழைப்புக்குள்ளும் விட வேண்டும். ஜூலை முதல் வாரம் நான் செய்தது எல்லோரும் முதலில் செய்வதுதான்: கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கடைக் கணினியின் மைக்குக்கு முன்னால் வைத்தேன். இரண்டு பேர் பேசியதுமே ஊளைச் சத்தம் கிளம்பியது. தலையணையால் மூடிப் பார்த்தேன், ஊளை குறைந்து குரலும் குறைந்தது. ஜூலை 12 கூட்டத்தில் பத்து நிமிடம் இப்படி முயன்றுவிட்டு, ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டு அழைப்பைத் துண்டித்தேன்.

கம்பி வழியாக இணைப்பது என்று முடிவு செய்து, அடுத்த தெருவில் டி.வி. பழுது பார்க்கும் தம்பியிடம் போனேன். அந்த மாத ஞாயிறுகளில் தமிழ்நாடு முழுவதும் தளர்வில்லாத ஊரடங்கு என்பதால், வேலையெல்லாம் வார நாளில், அதுவும் அவன் கடையின் பாதி ஷட்டருக்குள் நடந்தது. பாலத்துக்கு ஒதுக்கியது 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள என் பழைய ஆண்ட்ராய்டு கைபேசி. கணினி, கடையின் மேசைக் கணினியேதான். அதன் முதுகில் பச்சைத் துளையில் ஒலி வெளியே வரும், நீலத் துளையில் ஒலி உள்ளே போகும். இளஞ்சிவப்பு மைக் துளையைத் தொட வேண்டியதில்லை என்று தம்பி சொன்னது நல்ல யோசனை. கைபேசியின் காதுத் துளையிலிருந்து வரும் ஒலி மைக் துளைக்கு மிக வலுவானது, நீலத் துளைக்குச் சரியாக இருக்கும்.

பழைய ஹெட்செட் ஒன்றை வெட்டி, நான்கு பட்டை உள்ள அதன் முனையை எடுத்துக்கொண்டோம். உள்ளே தலைமுடி கனத்தில் வண்ணப் பூச்சுக் கம்பிகள்; எவ்வளவு நேரம் சால்டரிங் அயனை வைத்தாலும் ஈயம் பிடிக்கவில்லை. பூச்சை முதலில் எரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தம்பி தீக்குச்சி ஒன்றைக் கிழித்து நுனியை ஒரு நொடி காட்டி, நகத்தால் சுரண்டிவிட்டான். தீப்பெட்டி ஊரில் அதற்கா பஞ்சம். எந்த நிறம் எந்தப் பட்டைக்குப் போகிறது என்பதை நிறத்தை நம்பாமல், மின் இணைப்பை அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தோம். இந்தக் கைபேசியில் நுனி இடது காது, முதல் வளையம் வலது காது, இரண்டாம் வளையம் எர்த் (எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு), அடிப்பட்டை மைக். சில பழைய கைபேசிகளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும், ஆகவே வேறு கைபேசியில் இதைச் செய்கிறவர்கள் அளந்து பார்த்த பிறகே ஈயம் வைக்க வேண்டும்.

இடது காதுக் கம்பியை நீலத் துளைக்குக் கொண்டுபோனதும் ஒரு பக்கம் உடனே வேலை செய்தது. அழைப்பில் வருகிறவர் குரல் ஜூமில் தெளிவாகக் கேட்டது. மறுபக்கம்தான் படுத்தியது. கணினியின் பச்சைத் துளையிலிருந்து வரும் ஒலி, கைபேசியின் மைக் எதிர்பார்க்கும் அளவைவிட நூறு மடங்கு பெரியது. அதைக் குறைக்க 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும் 47 ஓம் ரெசிஸ்டரை எர்த்துக்கும் போட்டு, இரண்டும் சேரும் இடத்தை நேராக மைக் பட்டையில் இணைத்தோம். சொருகியதும் அழைப்பு துண்டாகிவிட்டது. மறுபடி அழைத்தோம், மறுபடி துண்டானது. ஒரு மணி நேரம் ஈயப் பற்றுகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பிறகுதான் தம்பிக்குப் பொறி தட்டியது: ஹெட்செட்டில் அழைப்பை எடுக்கவும் முடிக்கவும் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மைக் கம்பி எர்த்தோடு சேரும், 47 ஓம் என்பது கைபேசிக்கு யாரோ அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதாகவே தெரியும்.

மறுநாள், நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டோம். கைபேசி மைக்குக்காக அனுப்பும் சிறு நேர்மின்னோட்டத்தை அது தடுத்துவிடும், ஒலியை மட்டும் விடும். அழைப்பு துண்டாகவில்லை. ஆனால் என் மனைவியின் பட்டன் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் கேட்டால், ஜூமில் பேசுகிறவர் குரலுக்குப் பதிலாகக் கடை மின்விசிறியின் இரைச்சலும் தம்பி யாரிடமோ கடன் கேட்டுப் பேசுவதும் கேட்டன. மைக் கம்பியில் மின்னோட்டமே போகாததால், சொருகியிருப்பது மைக் இல்லாத வெறும் ஹெட்போன் என்று முடிவு செய்து, கைபேசி தன் சொந்த மைக்குக்குப் போய்விட்டது. மூன்றாவது முறை, மைக் பட்டைக்கும் எர்த்துக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தோம். அது மைக் இருப்பதாகக் காட்டும் அளவுக்குப் பெரியது என்பதால் பொத்தான் அழுத்தியதாகவும் தெரியாது. கெபாசிட்டரின் நேர்முனை கைபேசிப் பக்கம் இருக்க வேண்டும். ஜூலை 23 இரவு எட்டு மணிக்கு, தெருமுனையில் நின்றுகொண்டு, திருப்பூரிலிருந்து ஜூமில் பேசிய உறுப்பினரோடு பட்டன் போனில் பேசினேன்.

கூறுகளை ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, கம்பிகள் இழுபடாமல் டப்பா ஓரத்தில் முடிச்சுப் போட்டு, அரக்கு ஊற்றினோம். செலவு: இரண்டு ஸ்டீரியோ முனை 30 ரூபாய், இரண்டு மீட்டர் கவசக் கம்பி 40, ரெசிஸ்டர்களும் கெபாசிட்டரும் 10, ஈயம் 30, சோப்பு டப்பா 20. ஹெட்செட் இருந்ததுதான். தம்பி கூலி வாங்கவில்லை, தன் பெயரில் ஒரு கவிதை எழுதச் சொன்னான். அந்தக் கடன் இன்னும் பாக்கி. இவை போகக் கூட்டத்துக்கென்றே ஒரு சிம்மில் வரம்பற்ற பேச்சுத் திட்டம், அப்போது மாதம் 150 ரூபாய்க்குள் இருந்தது.

இந்த அமைப்பில் ஒரு வசதி தற்செயலாகக் கிடைத்தது. கணினி, "பாலம்" என்ற பெயரில் ஜூமில் ஒரு தனி உறுப்பினராகச் சேர்கிறது. ஜூம் ஒருவருடைய குரலை அவருக்கே திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே பட்டன் போனில் பேசுகிறவரின் குரல் ஜூமுக்குப் போகும், ஆனால் அங்கிருந்து எதிரொலியாக அவரிடமே திரும்பாது. நான் மட்டும் அந்தக் கணினியில் பேச முடியாது. என் கைபேசியிலிருந்து தனியாக, வேறு அறையில் இருந்து சேர வேண்டும்.

ஆகஸ்ட் 9 அன்று நாலேகாலுக்கே அழைக்கத் தொடங்கினேன். ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் இருமல் சத்தமும் அரை நிமிட கொரோனா அறிவிப்பும் கேட்டாக வேண்டிய காலம் அது. முதல் ஒத்திகையில் பாலத்தின் மைக்கை அணைக்க மறந்ததால், காத்திருந்த அனைவரும் அந்த இருமலை வரிசையாக ஐந்து முறை கேட்டார்கள். ஒருவர் பயந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். ஐந்து பேரையும் சேர்க்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. சிக்னல் நன்றாக இருப்பவரை முதலில் அழைத்து, அறுந்துபோகக் கூடியவரைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. அறுந்தால் மீண்டும் சேர்க்கும்போது மற்ற நால்வரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதல் அமர்வின் நடுவே ஓர் உறுப்பினர் வந்த வேறொரு அழைப்பை எடுத்துவிட, காத்திருப்பு இசை கதைக்குள் புகுந்தது. மறுநாளே ஐந்து பேரையும் #43# அழுத்தச் சொல்லி அழைப்புக் காத்திருப்பு வசதியை நீக்கினோம்.

"ம்" கொட்டும் பொறுப்பைத் தமிழய்யாவுக்கே முறையாகக் கொடுத்தோம். வாசிப்பவர் மைக்கும் பாலத்தின் மைக்கும் மட்டும் திறந்திருக்கும். முதலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் கொட்ட, அந்த நொடியில் வாசிப்பவரின் குரல் அமுங்கிச் சொற்கள் விழுங்கப்பட்டன. பத்தி முடிவில் மட்டும் கொட்டுங்கள் அய்யா என்று கேட்டுக்கொண்டோம். அவர் அதை இலக்கணமாகவே எடுத்துக்கொண்டு, பத்தி எங்கே முடிகிறது என்று கேட்பவருக்கு விளங்காத கதைக்குக் கொட்ட மறுத்துவிட்டார். அதனால் இரண்டு பேர் தங்கள் பத்திகளைத் திருத்தி எழுதினார்கள். வேறெந்த விமர்சனத்துக்கும் அசையாதவர்கள் அவர்கள்.

அதன் பிறகும் கோளாறுகள் வந்தன. செப்டம்பரில் கூட்டம் முழுவதும் அடியில் ஒரு "ங்ங்" என்ற முனகல்; பாலத்துக் கைபேசியைச் சார்ஜில் போட்டிருந்ததுதான் காரணம். சார்ஜரும் கணினியும் இரண்டு வழியில் எர்த்தாகிச் சுற்று உண்டாகிவிடுகிறது. கைபேசியை முழுதாகச் சார்ஜ் செய்து, கூட்டத்தின்போது கம்பியைப் பிடுங்கிவிட்டால் முனகல் போய்விடும். அக்டோபரில் மின்சாரம் போனது, கடையின் யு.பி.எஸ். பதினெட்டு நிமிடம் தாங்கியது, கதை இருபத்திரண்டு நிமிடம். நவம்பரில் உடுக்கையோடு பாட வந்தவரின் குரல் மட்டும் வந்தது, உடுக்கை முழுக்க மறைந்துபோனது. பின்னணி இரைச்சலை அடக்கும் வசதி அந்த அடியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அமைப்பில் அதைக் குறைத்து வைத்த பிறகு ஜூமில் இருப்பவர்களுக்கு உடுக்கை கேட்டது. பட்டன் போன்காரர்களுக்குக் கடைசி வரையில் சரியாகக் கேட்கவில்லை. தொலைபேசிக் குரல் பாதை பேச்சுக்கென்றே குறுக்கப்பட்டது, அதற்கு என்னிடம் வைத்தியமில்லை.

2021 மே 17 அன்று கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் காலமானார். அவருடைய இடைசெவல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். இறுதிச் சடங்கு அங்கே அரசு மரியாதையோடு நடந்தபோது, இரண்டாம் அலை ஊரடங்கில் எங்களில் பெரும்பாலோர் வீட்டை விட்டு நகர முடியவில்லை. மே 23 ஞாயிறன்று நினைவுக் கூட்டத்துக்கு அறுபது பேர் வரை சேர்ந்தார்கள்; மூன்று நாற்பது நிமிட அமர்வுகள். பாலம் இல்லாமலிருந்தால் அன்று பேச வேண்டிய இருவர் பேசியிருக்க முடியாது. அவர்கள் இருவரும் பட்டன் போன்காரர்கள். இளமையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள். கூட்டம் பெரிதானதால் வந்த சிக்கல் ஒன்றுதான்: புதியவர்கள் யாருக்கும் எங்கள் விதி தெரியாததால், ஆளுக்கு ஒரு "ம்" கொட்டினார்கள். அன்று மட்டும் நான் யாருடைய மைக்கையும் அணைக்கவில்லை.

2022 மார்ச் முதல் மாடியில் கூடுகிறோம். திருப்பூர்க்காரர் ஊர் திரும்பவில்லை, தமிழய்யாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஆகவே டப்பா இன்னும் வேலையில் இருக்கிறது. மறுபடி செய்வதானால் சிலவற்றை மாற்றுவேன். கைபேசிக்கும் கணினிக்கும் நடுவில் சிறு ஒலி மின்மாற்றி வைத்து முனகலைத் தடுத்து, சார்ஜில் போட்டபடியே நடத்தும்படி செய்வேன். யு.பி.எஸ்.க்குப் பதிலாக மடிக்கணினி. முதல் கூட்டத்திலிருந்தே காட்சியை அணைத்திருப்பேன், பட்டன் போன்காரர்களைப் பற்றி ஏப்ரலிலேயே யோசித்திருப்பேன். நான்கு மாதம் அவர்கள் இல்லாமல் நடத்தியதற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை, எண்ணிக்கையில் பன்னிரண்டு போதும் என்று நான் நினைத்ததுதான். இப்போதைக்கு அவசரமான வேலை வேறு. சென்ற கூட்டத்தில் தமிழய்யாவின் பக்கம் குரல் விட்டுவிட்டு வந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தால் அரக்கு விரிந்து, கெபாசிட்டரின் ஒரு கால் பச்சை பூத்திருக்கிறது. இரண்டாம் ஞாயிறுக்குள் மாற்ற வேண்டும். தம்பி கேட்ட கவிதையும் இந்த முறை கொண்டுபோக வேண்டும்.